பூண்டு எண்ணெயும் கேட்புக் கோலும்

மண்ணுக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் எந்த இடத்தில் உடைந்து கசிகிறது என்பதைக் காதால் கேட்டுச் சொல்வதே அவருடைய வேலை. ஐந்தடி நீளமுள்ள எஃகுக் கோல் ஒன்று. அதன் மேல்முனையில் கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற மரக்குமிழ். காது வலிக்காமலிருக்கக் குமிழின் விளிம்பைச் சுற்றி ஒரு தோல் வளையம். கருவிகள் அவ்வளவே. கோலின் கூர்முனையைத் தரையில் ஊன்றி, குமிழில் இடக்காதைப் பொருத்திக் கண்களை மூடிக்கொள்வார். கசிவுக்கு அருகில் செல்லச் செல்ல, கொதிக்கத் தொடங்கும் பாத்திரத்தின் 'உஸ்' என்னும் ஓசை வலுத்துக்கொண்டே வரும். வலுத்த இடத்தில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி இடுவார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். குடிநீர் வாரியத்தில் அவரைக் காதுக்காரர் என்றே அழைத்தார்கள். வீட்டில் அவருடைய மனைவியும், கோபம் வரும் நாள்களில், அப்படியே அழைத்தாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதி உண்டு. கோலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பு, அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை கேட்க வேண்டும். அப்போது எதுவும் கேட்கக் கூடாது. எதுவும் கேட்கவில்லையென்றால்தான், பிறகு கேட்பது தரையின் ஓசை என்று நம்பலாம். பார்ப்பவர்களுக்கு அது கோவிலில் கும்பிடுவதுபோலத் தோன்றும். உடன் வேலை செய்தவர்கள் அதைக் கேலியும் செய்வதுண்டு. இருபத்தேழு ஆண்டுகளில் காதுக்காரர் அந்த விதியை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இப்போது தவறவிட்டு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

தொடக்கத்தில் வெறும் அரிப்புதான். மழை விடாமல் பெய்த மாதத்தில் இடக்காதினுள்ளே எறும்பு ஊர்வதுபோல ஊறியது. சாவியின் முனையால் சொறிந்தார்; பேனா மூடியால் குடைந்தார். அரிப்பு அடைப்பாயிற்று, அடைப்பு வலியாயிற்று. மருந்துக்கடைக்காரர், எவரையும் கேட்காமல், கிருமிகளைக் கொல்லும் சொட்டு மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரம் அதை விட்டதில் காது முன்னைவிட மோசமாயிற்று. வெள்ளையும் கறுப்புமாக ஏதோ ஒன்று பஞ்சில் ஒட்டி வந்தது.

பஞ்சைப் பார்த்தவுடனே மனைவி அதை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். ஆனால் திருமணத்துக்கு முன்பு நான்கு ஆண்டுகள் ஒரு சலவைக்கூடத்தில் ஈரத்தில் நின்று வேலை பார்த்தவள். அந்த ஈரத்தில் கால்விரல்களின் இடுக்கெல்லாம் பூஞ்சை பிடித்து வெந்துபோய்க் கிடந்தபோது, கடை மருந்துகள் கைவிட்ட பிறகு, பூண்டு எண்ணெய்தான் அவளைக் காப்பாற்றியது. ஆகவே அவள் நம்பிக்கை செவிவழிச் செய்தியன்று. கண்ணால் கண்டது, காலால் உணர்ந்தது. இரண்டு பல் பூண்டை நசுக்கி, சிறு தீயில் எண்ணெயில் சூடாக்கி, நிறம் மாறுவதற்கு முன் இறக்கி, நான்காக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டுவாள். முழங்கைக்குக் கீழே ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பாள். பிறகு காதில் மூன்று சொட்டு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இடையில் ஒருநாள் துளசிச் சாறும் விட்டுப் பார்த்தாள்.

முதல் நான்கு நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. அவள் பெருமை பிடிபடாமல் திரிந்தாள். அவருக்கும் மனம் லேசாயிற்று. ஏனெனில் காது மருத்துவரிடம் போக அவர் அஞ்சினார். வாரியத்தின் மருத்துவப் பதிவேட்டில் 'காது' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு குறை எழுதப்பட்டுவிட்டால், கோல் கைமாறும். அவர் மேசை வேலைக்குப் போவார். ஓசையை எண்களாகக் காட்டும் இயந்திரம் ஒன்றை வாங்குவது பற்றி மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுப்பானேன் என்று அவர் எண்ணினார்.

ஐந்தாம் நாள் காலையில், பல் துலக்கும்போது, 'உஸ்' என்னும் ஓசை கேட்டது. குழாயைத் திருகி மூடினார். ஓசை நிற்கவில்லை. சமையலறைக்குச் சென்று அடுப்பைப் பார்த்தார், அடுப்பு எரியவில்லை. சுவர்மீது கைவைத்து நின்றார். ஓசை அவருக்குள்ளேயே இருந்தது.

அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. எண்ணெய் உள்ளே ஊறிக்கொண்டிருப்பதால் இருக்கும், சில நாளில் போய்விடும் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று வேலைக்குச் சென்றபோது, கோலைத் தூக்கிக் கேட்காமல் நேரே தரையில் ஊன்றினார். தூக்கிக் கேட்டிருந்தால் என்ன கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்பானேன்?

மூன்று வாரத்தில் பதினொரு கசிவுகளைக் கண்டுபிடித்தார். உண்மையில் அவற்றைக் கண்டுபிடித்தவை அவருடைய கண்கள். ஈரமான மண், நிறம் மாறிய கல், ஓரத்தில் மட்டும் பச்சையாக நின்ற புல் ஆகியவற்றைப் பார்த்துக் குறியிட்டார். அனுபவம் கைகொடுத்தது. பன்னிரண்டாவது குழி வறண்டிருந்தது. அவருடன் பதினெட்டு ஆண்டுகளாகக் குழி தோண்டி வருபவர் ஒருவர். மண்வெட்டியார் என்று பெயர் வாங்கியவர். அவர் குழிக்குள் நின்றபடி மேலே பார்த்து, மரம் நடுவதற்காகவா இந்தக் குழி என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காதுக்காரரும் சிரித்தார். அன்று மனைவியிடம், இரண்டு வேளைக்குப் பதிலாக மூன்று வேளை எண்ணெய் விடச் சொன்னார்.

விதியைத் தவறவிட்ட இருபத்து மூன்றாம் நாள், முற்பகல் பதினொரு மணிக்கு, வாரியத்தின் பொறியாளர் அழைத்தார். அவர் பொறுப்பேற்று ஓராண்டே ஆன பெண்மணி, அதிகம் பேசாதவர். நெடுநாள் நோயாளிகள் தங்கும் இல்லம் ஒன்றின் முன்மூலைத் தூண் இறங்குகிறது, உடனே வரவேண்டும் என்றார்.

இரண்டு மாடிக் கட்டடம். முன்மூலையில், தூணையொட்டிய சுவரில், தரையிலிருந்து சன்னல்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. இல்லத்தின் தலைமைச் செவிலி விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு கிழித்து, பக்கத்தில் நேரத்தை எழுதி வைத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. ஏழு கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு நெல்லளவு உயரத்தில். மேல்மாடியில் எழுந்து நடக்க இயலாதவர்கள் பதினொருவர் இருந்தார்கள். மின்தூக்கியை இயக்கக் கூடாது என்று பொறியாளர் தடுத்துவிட்டதால், அவர்களைப் படுக்கை விரிப்போடு தூக்கி, படி வழியாக ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை இறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

தெருவடியில் ஓடும் பெரிய குழாய் எங்கோ உடைந்து, தூணின் கீழுள்ள மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. தெருமுனை வால்வைத் திருகிப் பார்த்தார்கள். துருவேறிப் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினால் வால்வே முறிந்துவிடும். உடைப்பைக் கண்டுபிடித்து, தோண்டி, அதன்மேல் இரும்புப் பட்டி போட்டு இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. தூணின் அருகே தவறாகத் தோண்டினால், தூணைத் தாங்கி நிற்கும் கொஞ்ச மண்ணும் சரிந்துவிடும் என்றும் பொறியாளர் எச்சரித்தார். பிறகு காதுக்காரரைப் பார்த்தார்.

"நீங்க குறி போட்டா தோண்டுறோம், சார். வேற யாரையும் கேக்கப்போறதில்ல."

தெருவின் இரு முனைகளிலும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு நீரேற்றியை அணைத்தார்கள். மேல்மாடியில் ஆட்களை இறக்குபவர்கள்கூட ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்கள். அவர் ஒருவர் கேட்பதற்காகத் தெருவே மூச்சடக்கியது.

கோலை ஊன்றினார். 'உஸ்' என்றது. ஐந்தடி தள்ளி ஊன்றினார். 'உஸ்' என்றது. தெருவின் நடுவில், எதிர்ப்புறத்தில், தூணடியில் என ஒன்பது இடங்களில் ஊன்றினார். எல்லா இடத்திலும் ஒரே ஓசை; கூடவுமில்லை, குறையவுமில்லை. வியர்வை புருவத்திலிருந்து இறங்கித் தோல் வளையத்தில் விழுந்தது. எண்ணெயின் பூண்டு நெடி அவருக்கே குமட்டியது. இருபத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் கண்களை மூடாமல் கேட்டார். ஈரம் தூணடியில் இருந்தது. விரிசலும் தூணடியில் இருந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து, தூணிலிருந்து இரண்டடி தள்ளிப் பெருக்கல் குறி இட்டார்.

மண்வெட்டியாரும் மற்றொருவரும் கடப்பாரையைப் போட்டார்கள். ஒன்றரை அடி இறங்கியதும் மண்வெட்டியார் நின்றார். ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே உதிர்த்தார். மேலே மட்டும்தான் ஈரம். கீழே மண் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மாவு மாதிரி உதிருது. தண்ணி இருக்கிற மண்ணா இது?" என்று கேட்டார்.

காதுக்காரர், இன்னும் ஓரடி போகச் சொன்னார்.

பத்தாவது கோட்டைக் கிழிக்கச் சென்ற செவிலி பென்சிலைக் கீழே இறக்கினார். விரிசல் நெல்லளவு ஏறவில்லை. ஒரு விரலளவு ஏறியிருந்தது. படியில் யாரோ ஒரு முதியவர், தம்மைத் தூக்கி வருபவர்களிடம், அவசரம் வேண்டாம் என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. அது காதுக்காரரின் வலக்காதில் தெளிவாக விழுந்தது.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். கோலைத் தரையிலிருந்து எடுத்து, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, குமிழில் இடக்காதை வைத்தார்.

'உஸ்' என்றது.

"கடப்பாரையை எடு," என்றார். மண்வெட்டியாருக்குக் கேட்கவில்லை. குழியருகே சென்று கடப்பாரையைக் கையால் பிடித்தார். "தோண்டாதே. சத்தம் மண்ணுல இல்ல. என் காதுக்குள்ள இருக்கு."

பொறியாளர் அருகே வந்து, எத்தனை நாளாக என்று கேட்டார். இருபத்து மூன்று நாள் என்றார். பொறியாளரின் முகம் மாறவில்லை. அதுதான் காதுக்காரருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும். தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்து இறுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வட்டாரத்திலிருந்து வேறொரு கேட்பாளரை அழைத்தார். ஒரு மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. சுவரிலிருந்த கோடுகளை எண்ணிப் பார்த்த எவருக்கும் அதுவரை தூண் தாங்காது என்ற கணக்கு தெரியும்.

"வலது காது நல்லா இருக்கு, மேடம்," என்றார் காதுக்காரர். "ஆனா அதுக்கு இந்த வேலை தெரியாது."

"இப்ப கத்துக்கட்டும்," என்றார் பொறியாளர்.

தெரு மறுபடியும் மூச்சடக்கியது. இடக்காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். தோல் வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அந்த நெடி வேண்டாம் என்றுதான் கழற்றினார். வெறும் மரக்குமிழில் வலக்காதை வைத்து, கோலைத் தூக்கிக் கேட்டார். ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல ஆழமான அமைதி. பிறகு ஊன்றினார்.

இடக்கையால் எழுதப் பழகுபவனின் எழுத்தைப்போல ஓசைகள் கோணல்மாணலாக வந்தன. தூணடியில் ஏதோ முணுமுணுப்பு. தெருவின் நடுவில் அது கொஞ்சம் தடித்தது. பழகிய காதாக இருந்தால் ஒரே தடவையில் சொல்லியிருக்கும். இவர் ஒவ்வோரிடத்திலும் மூன்றுமுறை கேட்டார். எதிர்ப்புற நடைபாதையின் ஓரத்தில், எல்லாக் கண்களும் தூணைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நின்றுவிட்டார். தண்ணீர் அங்கே உடைந்து, பழைய குழாய் கிடந்த பள்ளத்தின் வழியாகத் தெருவைக் கடந்து தூணடிக்குப் போயிருக்க வேண்டும். ஈரம் காட்டியது வழி முடிந்த இடத்தை, தொடங்கிய இடத்தையன்று.

நிச்சயம்தானா என்று பொறியாளர் கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்குக் காதுக்காரர் பதிலே சொல்வதில்லை. குறியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

"நூத்துக்கு எழுபதுதான் சொல்லுவேன். முப்பது எனக்கே தெரியல."

பொறியாளர் சுண்ணக்கட்டியை வாங்கித் தாமே பெருக்கல் குறி இட்டார். தவறினால் பழி இரண்டு பேருக்கும் என்பதற்காக அப்படிச் செய்தாரா, வேறு காரணத்துக்காகவா என்று காதுக்காரருக்கு அன்றுமுதல் இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றடியில் மண் கறுத்தது. மூன்றரை அடியில் மண்வெட்டியார் சடாரென்று பின்வாங்கினார்; முழங்காலுக்கு மேல் சேறு தெறித்தது. "வந்துட்டா மகராசி," என்றார். பட்டியைப் போட்டு இறுக்க நாற்பது நிமிடம் பிடித்தது. அதற்குள் மேல்மாடியில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டார்கள். செவிலி அதன்பின் நான்கு கோடுகள் கிழித்தார். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்தன.

மறுநாள் காலை அவர் காது மருத்துவரிடம் சென்றார். பொறியாளர் எழுதிக்கொடுத்த தாளும் கையில் இருந்தது. மனைவியும் உடன் வந்தாள். எண்ணெய்க் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். தெருவில் நடந்ததை அவர் முதல்நாள் மாலையே அவளிடம் சொல்லியிருந்தார். சத்தம் கேட்கிறது என்று தன்னிடம் சொல்லாமல், தன் கையாலேயே எண்ணெய் விட்டுக்கொண்ட மனிதரை அவள் அதன்பிறகு நிமிர்ந்து பார்க்கவில்லை.

மருத்துவர் ஒரு மெல்லிய ஒளிக்குழலைக் காதில் செலுத்த, உள்ளே இருப்பது திரையில் தெரிந்தது. மழையில் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல வெளுப்பும் கறுப்புமாக அடைந்துகிடந்தது. உறிஞ்சு குழலால் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்தார்கள். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். எடுத்து முடிந்ததும் செவிப்பறை தெரிந்தது. சிவந்து கிடந்தது. அதில் ஊசிமுனையளவு ஒரு துளை இருந்தது.

மனைவி குப்பியை மேசைமேல் வைத்தாள். தன் காலைக் குணப்படுத்திய மருந்து இது என்றும், கால் பூஞ்சையும் காது பூஞ்சையும் வேறு வேறா என்றும் கேட்டாள். கேட்ட குரலில் சண்டை இல்லை; அறிந்துகொள்ளும் ஆசையும் அச்சமுமே இருந்தன.

மருத்துவர் குப்பியைத் திறந்து முகர்ந்தார். "பூண்டு பூஞ்சையைக் கொல்லாதுன்னு நான் சொல்லமாட்டேம்மா. ஆராய்ச்சிக்கூடத்துல தட்டுல வெச்சுப் பார்த்திருக்காங்க, கொல்லுது. ஆனா தட்டுல செவிப்பறை கிடையாது. கால் காத்தாடக் காயும். காது ஒரு மூடின குகை. எண்ணெய் உள்ளேயே தேங்கி, அந்த அழுக்கோட சேர்ந்து அடைச்சுக்கிச்சு. ஓட்டை இருக்கா இல்லையான்னு பார்க்காம உள்ள எதை விட்டாலும், அது கடை மருந்தா இருந்தாலும் சரி, செடி மருந்தா இருந்தாலும் சரி, கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கிறதுதான்."

துளை எப்படி விழுந்தது என்று அவள் கேட்டாள். காதை எதனாலாவது குடைந்ததுண்டா என்று மருத்துவர் திருப்பிக் கேட்க, சாவியால் சொறிந்ததைக் காதுக்காரர் ஒப்புக்கொண்டார். பூஞ்சையாலும் விழலாம், சாவியாலும் விழலாம். எண்ணெயால் விழுந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் துளை உள்ள காதில் எண்ணெய் உள்ளறைவரை போய் எரிச்சலை வளர்த்திருக்கும் என்றார் மருத்துவர். அவள் தலையசைத்தாள். கணவர் மறைத்த சாவிக்கதை அங்கே வெளியானதால், பழி கொஞ்சம் இடம் மாறியது.

பிறகு மருத்துவர், காதில் தினமும் எதையாவது வைப்பதுண்டா என்று கேட்டார். காது கேட்க உதவும் கருவி போடுபவர்களைக் கேட்பது போலத்தான் கேட்டார். காதுக்காரர் சட்டைப் பையில் கைவிட்டார். முதல்நாள் கழற்றிப் போட்ட தோல் வளையம் அதே சட்டையில் இருந்தது. ஒன்பது ஆண்டுப் பழையது. மழையில் நனைந்து, ஈரப்பையில் கிடந்து, உட்புறம் முழுதும் சாம்பல் பூத்திருந்தது. தோல் விறைக்காமலிருக்க மூன்று வாரமாக மிச்ச எண்ணெயை அதற்கும் தடவி வந்திருந்தார்.

மருத்துவர் அதைக் கையால் தொடவில்லை. இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இது இருக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்திருக்காது என்றார். காலையில் துடைத்த காதில் பகலெல்லாம் காதுக்காரரே பூஞ்சையை மறுபடி விதைத்துக்கொண்டிருந்தார்.

சுத்தம் செய்வதற்கு இன்னும் நான்கு முறை போனார். துளையுள்ள காதுக்குக் கெடுதல் செய்யாத பூஞ்சை மருந்து, காதில் ஒரு துளி நீரும் படாத குளியல், ஆறு வாரம் கோலுக்கு விடுமுறை. அந்த ஆறு வாரமும் அவர் அஞ்சிய மேசையிலேயே உட்கார்ந்து, இருபத்தேழு ஆண்டுகளாகத் தாம் கேட்ட குழாய்களையெல்லாம் நினைவிலிருந்து வரைபடத்தில் திருத்தினார். பழைய குழாய் கிடந்த பள்ளங்களையும் புள்ளிக் கோடுகளாகக் குறித்தார். மருத்துவப் பதிவேட்டில் குறை எழுதப்பட்டது. துளை மூடிக்கொண்டது; ஆனால் மெல்லிய உயர்ந்த ஓசைகளில் சில இடக்காதுக்குத் திரும்பி வரவில்லை. பொறியாளர் சோதனை முடிவைப் படித்துவிட்டு, வலக்காதுக்கு மட்டும் அனுமதி என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். தவறிய இரண்டு குழிகளுக்கும் மறைத்த இருபத்து மூன்று நாளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் தனியே வந்தது. அதை அவர் மடித்து வைத்துக்கொண்டார்.

தோல் வளையத்துக்குப் பதிலாக மனைவி திரைச்சீலைத் துணியில் ஏழு வளையங்கள் தைத்தாள். நாளுக்கு ஒன்று. மாலையில் அதைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துவது அவள் பொறுப்பு. பூண்டு எண்ணெயையும் அவள் விட்டுவிடவில்லை. தன் கால்களுக்காகச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள். குப்பியின்மீது ஒரு துண்டுத் தாளை ஒட்டி, 'காலுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, ஒரு வளைவுத் தெருவில், காதுக்காரர் கோலை அந்தரத்தில் தூக்கி வலக்காதை வைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் அப்படியே நின்றார். குழி தோண்டக் காத்திருந்த மண்வெட்டியாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, அந்தப் பக்கம் யாராவது பேசுறாங்களா?"

"யாருமில்ல," என்றார் காதுக்காரர். கோலைத் தரையில் ஊன்றினார்.